இரேனியுஸ் ஐயர்: வேத மொழியும் குருப்பட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய ஜெர்மானியப் போதகர் சார்லஸ் தியோபிலஸ் எவால்ட் இரேனியுஸ் (1790–1838) தமிழாய்வுலகில் இலக்கண ஆசிரியராகவும் வேதாகம மொழிபெயர்ப்பாளராகவும் அறியப்படுகிறார். திருச்சபை வரலாற்றில் அவர் சி.எம்.எஸ். சங்கத்தால் விலக்கப்பட்டவராக நினைக்கப்படுகிறார். இவ்விரு நினைவுகளும் தனித்தனியே பேசப்பட்டு வந்துள்ளன. அவருடைய மொழிப்பணியையும் சபைப்பணியையும் ஒரே கொள்கை இயக்கியது என்பதையும், அக்கொள்கையே அவருக்கு ஆதரவையும் பிளவையும் ஒருங்கே தந்தது என்பதையும் இக்கட்டுரை அவர் வாழ்க்கை நிகழ்வுகளின் வழி நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரேனியுஸ், திருநெல்வேலித் திருச்சபை, வேதாகம மொழிபெயர்ப்பு, தமிழ் இலக்கணம், உபதேசியார், குருப்பட்டம், வேதநாயக சாஸ்திரியார்.

1. முன்னுரை

ஐரோப்பியர் தமிழ்ப்பணி என்ற பொருளில் எழுதப்பட்ட நூல்களில் இரேனியுஸின் பெயர் சீகன்பால்குவுக்கும் கால்டுவெல்லுக்கும் இடையில் சில பக்கங்களில் கடந்து செல்கிறது. இலக்கணம் ஒன்று இயற்றினார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார், பூமிசாஸ்திரம் எழுதினார் என்ற மூன்று செய்திகளுடன் அப்பக்கங்கள் நிறைவுறுவது வழக்கம். திருச்சபை வரலாறுகளோ அவர் உருவாக்கிய ஊர்களையும், 1835ஆம் ஆண்டின் பிரிவினையையும் விரித்துரைக்கின்றன. மொழிப்பணியை அடிக்குறிப்பாகவே கருதுகின்றன.

இவ்வாறு பிரித்துக் காண்பதால் ஒரு வினா எழாமலே போய்விடுகிறது. கிரேக்கச் சொல்லமைப்பைத் தமிழின் மேல் சுமத்தலாகாது என்று வாதிட்டவரும், இங்கிலாந்துத் திருச்சபையின் குருத்துவ முறையைத் திருநெல்வேலி உபதேசியார் மேல் சுமத்தலாகாது என்று வாதிட்டவரும் ஒருவரே. இரண்டு வாதங்களும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவையா? அவ்வாறாயின், முதல் வாதத்தை ஊக்குவித்த வட்டாரம் இரண்டாவதைப் பொறுக்க இயலாமற் போனது ஏன்? இவ்வினாக்களை முன்வைத்து அவர் வாழ்வை நோக்குவது பயனுடையது.

2. பிரஷ்யாவிலிருந்து சென்னை வரை

இரேனியுஸ் 1790 நவம்பர் 5ஆம் நாள் மேற்குப் பிரஷ்யாவின் கிரௌடென்ஸ் கோட்டையில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யப் படை அதிகாரி. மகனின் இளமையிலேயே மறைந்தார். ஜெர்மன் வழக்கில் அவர் பெயர் கார்ல் கோட்லீப் எவால்ட் இரேனியுஸ் என்பதாகும். கோட்லீப் என்பதன் கிரேக்க வடிவமே ஆங்கில நூல்களில் காணப்படும் தியோபிலஸ்.

உறவினர் பேணலில் வளர்ந்த இரேனியுஸ், மேமல் நகருக்கு அருகில் வாழ்ந்த காலத்தில் மொரேவியச் சபையாரின் மறைப்பணிச் செய்திகளைப் படித்துத் தம் வாழ்வின் திசையை உறுதி செய்துகொண்டார். பின்னர் பெர்லினில் யோகன்னஸ் யேனிக்கே நடத்திய மறைப்பணிப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். இந்தத் தேர்வில் தமிழகத் தொடர்பு ஒன்று உண்டு. யேனிக்கேயின் உடன்பிறந்தவர் ஜோசப் டேனியல் யேனிக்கே தஞ்சாவூரில் சுவார்ட்சு ஐயருடன் பணியாற்றியவர். 1791 முதல் பாளையங்கோட்டைச் சபையையும் கவனித்தவர். எனவே, தாம் பின்னர் பதினெட்டு ஆண்டுகள் தொடர்புகொண்டிருக்கவிருந்த ஊரின் பெயர் அப்பள்ளியில் அந்நியமாக இருந்திராது.

1812இல் பெர்லினில் லுத்தரன் முறைப்படி அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அவர் வாழ்வின் பிற்பகுதியைத் தீர்மானித்தது இந்நிகழ்வே. 1799இல் இலண்டனில் தோன்றிய சி.எம்.எஸ். சங்கத்துக்கு அந்நாளில் ஆங்கிலக் குருமார் போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே ஜெர்மானியப் பள்ளிகளில் பயின்ற லுத்தரன் போதகரை அது ஏற்று அனுப்பியது. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதியில் மறைப்பணியாளர் நுழைவதற்கு வழி திறந்தது. மறு ஆண்டு, 1814 ஜூலையில், இரேனியுஸும் அவர் தோழர் ஷ்னாரேயும் சென்னையில் இறங்கினர். சி.எம்.எஸ். இந்தியாவுக்கு அனுப்பிய முதல் இருவர் இவர்களே.

தரங்கம்பாடியில் சில மாதங்கள் தங்கித் தமிழ் கற்கத் தொடங்கிய இரேனியுஸ், 1815இன் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பி, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்கே பள்ளிகளையும் சபையையும் நடத்தினார். வான் சோமரன் குடும்பத்தைச் சேர்ந்த ஆன் என்பவரை மணந்ததும், வேதாகமத் திருத்தப் பணியைக் கையேற்றதும் இக்காலத்தில்தான்.

3. திருநெல்வேலியின் முன்னைய நிலை

இரேனியுஸ் வந்து சேர்ந்த திருநெல்வேலி, கிறித்தவம் அறியாத நிலமன்று. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பிராமண விதவைப் பெண்ணின் முயற்சியால் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்சு ஐயர் 1785இல் அர்ச்சித்திருந்தார். 1790இல் தஞ்சாவூர் லுத்தரன் போதகரிடம் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன், அங்கே சபையை நடத்தினார். அந்நூற்றாண்டின் இறுதியில் பனைத்தொழில் செய்த நாடார் சமூகத்தாரிடையே சபைகள் பெருகின. முதலூர் என்னும் குடியிருப்பு 1799இல் தோன்றியது.

சுவார்ட்சும் யேனிக்கேயும் மறைந்தபின் அச்சபைகளைப் பேணுவார் அருகினர். 1816இல் பாளையங்கோட்டைப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப், மூவாயிரம் பேர் அளவிலான கிறித்தவர் பல சிற்றூர்களில் சிதறியிருப்பதைக் கண்டார். அவர்களுக்கென முழுநேரப் போதகரை அனுப்புமாறு சி.எம்.எஸ். சங்கத்தாரை வேண்டினார். அவ்வேண்டுகோளின் பயனாக 1820 ஜூலை 7ஆம் நாள் இரேனியுஸ் பாளையங்கோட்டை வந்தடைந்தார். சில மாதங்களில் பெர்னார்டு ஷ்மிட் அவருடன் இணைந்தார்.

இப்பின்னணியில் கவனத்துக்குரியது ஒன்றுண்டு. நூறாண்டுக்கு மேலாகத் தென்னிந்தியாவில் லுத்தரன் போதகர்களே ஆங்கிலச் சங்கங்களின் பொருளுதவியுடன் பணியாற்றினர். 1733இல் தரங்கம்பாடியில் பட்டம் பெற்ற ஆரோன் தொடங்கிச் சத்தியநாதன் வரை, தமிழ்ப் போதகர்களுக்கு அவர்களே குருப்பட்டம் அளித்தும் வந்தனர். பேராயர் எவரும் இந்தியாவில் இல்லாத அந்நாளில் ஆங்கிலச் சங்கத்தார் இதற்குத் தடை கூறவில்லை. இரேனியுஸ் தம்மை இம்மரபின் வாரிசாகவே கருதினார்.

4. சபையும் ஊரும்

பாளையங்கோட்டையில் இரேனியுஸ் முதலில் கவனம் செலுத்தியது பள்ளிகளிலும், உபதேசியார்களைப் பயிற்றும் கல்விக்கூடத்திலும் ஆகும். அங்கே மாணவர்கள் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்ண வேண்டும் என்ற விதியை அவர் வகுத்தபோது, உயர்வாகக் கருதப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மாணவர் மறுத்தனர். கூடத்தை மூட நேர்ந்தாலும் விதியைத் தளர்த்த அவர் இசையவில்லை. விதியை ஏற்றவர்களைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். தஞ்சாவூர்ச் சபைகளில் சாதி வழக்கங்கள் பெருமளவு பொறுத்துக்கொள்ளப்பட்டு வந்த காலம் அது. ஆதலால் அவருடைய உறுதி தென்னாட்டுச் சபைகளெங்கும் பேசப்பட்டது. பெண்கல்விக்கும் அவர் இல்லத்தாரின் முயற்சியால் இடம் கிடைத்தது. 1826 ஜூன் மாதத்தில் பாளையங்கோட்டைத் திரித்துவ ஆலயம் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

சபைகளை அமைப்பதில் அவர் மேற்கொண்ட முறை தனித்தன்மை உடையது. தனி ஒருவரின் மனமாற்றத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதினும், குடும்பங்களாகவோ ஊராகவோ வந்து உருவ வழிபாட்டைக் கைவிட முன்வருவோரை உடனே போதனைக்குட்படுத்துவதை அவர் மேற்கொண்டார். அவர்களுக்கு உபதேசியார் ஒருவரை அமர்த்தி, ஓலை வேய்ந்த செபவீடு ஒன்றை எழுப்பச் செய்வார். ஞானஸ்நானம் பின்னரே, தகுதி நோக்கி, படிப்படியாக வழங்கப்பட்டது. எனவே சபை என்பது ஞானஸ்நானம் பெற்றோரும் அதற்கு ஆயத்தம் செய்வோரும் சேர்ந்த தொகுதியாக இருந்தது. இவ்வகையில் 1835 அளவில் அவர் பொறுப்பில் இருந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. அவர்கள் இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் வாழ்ந்தனர்.

இவ்வளவு ஊர்களை ஒரு சில ஐரோப்பியர் நேரடியாகப் பேணுதல் இயலாது. அன்றாட வழிபாடு, கல்வி, வழக்குத் தீர்த்தல், துன்புற்றோர்க்குத் துணைநிற்றல் ஆகிய அனைத்தும் உபதேசியார்களிடமே இருந்தன. அவர்களை மாதந்தோறும் பாளையங்கோட்டைக்கு வரவழைத்து, ஊர் நிலையைக் கேட்டறிந்து, வேதபாடமும் பிரசங்கப் பயிற்சியும் அளிப்பதை இரேனியுஸ் வழக்கமாக்கினார். திருநெல்வேலித் திருச்சபையின் உண்மையான தூண்கள் யார் என்பதை அவர் ஐயமின்றி உணர்ந்திருந்தார். பின்னாளில் எழுந்த வழக்கு முழுவதும் இவர்களைப் பற்றியதே.

நிலக்கிழாரின் நெருக்குதலுக்கு ஆளான குடும்பங்களுக்குச் சொந்த நிலமே காப்பு என்று கண்ட இரேனியுஸ், நிலம் வாங்கிக் குடியிருப்புகளை அமைக்க முற்பட்டார். பிரஷ்யப் பிரபு டோனா அனுப்பிய பொருளால் 1827இல் அமைந்த ஊர் அவர் பெயராலே டோனாவூர் எனப்பட்டது. 1830இல் தோன்றிய தர்ம சங்கம் இம்முயற்சிக்கு நிலையான வடிவம் தந்தது. வெளிநாட்டு நன்கொடையை மட்டும் நம்பாமல் சபையாரும் பொருள் வழங்கும் பழக்கம் இத்தகைய அமைப்புகளின் வழி வளர்ந்தது.

5. வேதாகம மொழிபெயர்ப்பு

இரேனியுஸின் மொழிப்பணிக்கு அடித்தளம் இட்டவருள் தலையாயவர் திருப்பாற்கடல்நாதன் கவிராயர். மரபுவழித் தமிழ்ப் புலமை வாய்ந்த அவரிடம் இரேனியுஸ் பல்லாண்டு பாடம் கேட்டார். பேச்சுத் தமிழை ஊர்ப்பயணங்களிலும், இலக்கியத் தமிழைக் கவிராயரிடத்தும் ஒருங்கே கற்றமையால், இரண்டுக்குமுள்ள தொலைவை அளந்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

சென்னையில் வாழ்ந்த நாளிலேயே, வேதாகமச் சங்கத்தார் சார்பில் பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணி அவரிடம் வந்திருந்தது. 1772இல் புதிய ஏற்பாடு வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு, மூலத்தோடு நெருங்கிச் செல்வதைத் தன் அறமாகக் கொண்டது. இரேனியுஸ் பணியில் இறங்கியபின், சில சொற்களை மாற்றுவதால் மட்டும் குறை தீராது என்ற முடிவுக்கு வந்தார். அவர் கண்ட சிக்கல் சொல்லில் இல்லை, தொடரில் இருந்தது.

கிரேக்கத்தில் ஒரு பெயரை விளக்கும் துணைத்தொடர் அப்பெயருக்குப் பின்னே தொடர்ந்து நீளும். தமிழில் அப்பணியைப் பெயரெச்சம் செய்கிறது. அது பெயருக்கு முன்னே நிற்கும். கிரேக்க வாக்கியம் இணைப்புச் சொற்களால் கோக்கப்பட்டு வளரும். தமிழ் வாக்கியம் வினையெச்சங்களால் ஒழுகி, முற்றில் வந்து அமையும். மூலத்தின் சொல்வரிசையைக் காக்கும் மொழிபெயர்ப்பு, இவ்வேறுபாடுகளால் தமிழில் பொருள்மயக்கத்தையே தரும். எனவே மூலத்தின் பொருளை முழுமையாகக் காத்து, அதைத் தமிழ்த் தொடரின் இயல்புப்படி அமைப்பதே உண்மையான நேர்மை என்பது அவர் நிலைப்பாடு. இக்கொள்கைகளைத் தொகுத்து வேதமொழிபெயர்ப்பு நெறி பற்றிய ஆங்கில நூல் ஒன்றை 1827இல் நாகர்கோவிலில் வெளியிட்டார். இந்திய மொழியொன்றை முன்னிறுத்தி மொழிபெயர்ப்புக் கோட்பாட்டை விரிவாக ஆராய்ந்த தொடக்ககால நூல்களுள் அது இடம்பெறத் தக்கது. அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது.

புதிய மொழிபெயர்ப்பு எல்லோராலும் வரவேற்கப்படவில்லை. தஞ்சாவூர்ச் சபையார் பப்ரிசியுஸின் வாசகத்தைக் கைவிட மறுத்தனர். அவர்களின் குரலாக நின்றவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்சின் வளர்ப்பில் உருவாகி, சரபோஜி மன்னரின் மதிப்பையும் பெற்ற அக்கவிஞர், புதிய திருத்தங்களைக் கண்டித்து எழுதினார். சாதி வழக்கத்தின் மேல் புதிய போதகர் தொடுத்த தாக்குதலும் இந்த எதிர்ப்புக்கு ஒரு காரணமாயிற்று என்பது மெய்யே. ஆயினும், எதிர்ப்பை அதனோடு மட்டும் சுருக்குதல் பொருந்தாது. இரண்டு தலைமுறையாக ஆலயத்தில் கேட்டும், வீட்டில் ஓதியும், கல்லறையில் சொல்லியும் வந்த வாசகம் ஒரு சமூகத்தின் உடைமையாகிவிடுகிறது. அதன் இலக்கண வழுவும் அவர்களுக்கு வேதத்தின் ஒலியாகிவிடுகிறது.

இங்கு இரேனியுஸின் கொள்கைக்குள் இருந்த ஒரு முரண் வெளிப்படுகிறது. வேதம் மக்களின் மொழியில் இருத்தல் வேண்டும் என்றவர் அவர். எது மக்களின் மொழி என்பதை மட்டும் அவரும் அவர் ஆசிரியரும் முடிவு செய்தனர். தமிழ் இலக்கண மரபும் திருநெல்வேலிப் புதுச்சபைகளின் தேவையும் அவர் பக்கம் நின்றன. தஞ்சாவூர்ப் பழஞ்சபைகளின் பழக்கம் எதிர்ப்பக்கம் நின்றது. திருநெல்வேலிச் சபையாருக்கு முந்தைய வாசகத்தோடு நீண்ட உறவு இல்லாமையால், அவர் நடை அங்கே எளிதில் வேரூன்றியது.

6. இலக்கணமும் உரைநடையும்

மொழிபெயர்ப்பு எழுப்பிய வினாக்களே இரேனியுஸை இலக்கணத்துக்கு இட்டுச்சென்றன. ஆங்கிலத்தில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1830களின் இடைப்பகுதியில் சென்னையில் வெளிவந்து, அவர் மறைவுக்குப் பின்னும் மறுபதிப்புப் பெற்றது. வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்திருந்தார். இரேனியுஸ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு மொழிநிலையைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டார். செய்யுள் வழக்கின் அருமைகளை நீக்கி, பேச்சின் கொச்சையையும் விலக்கி, கற்றோர் எழுதவும் உரையாடவும் பயன்படுத்தும் தமிழே அவர் நோக்கிய தமிழ்.

எழுத்து, சொல் ஆகியவற்றை விளக்கியபின் தொடரியலுக்கு அவர் விரிவான இடம் தந்தார். தமிழ் மரபிலக்கணங்களில் தொடர் பற்றிய செய்திகள் சொல்லதிகாரத்தின் பல இடங்களில் விரவிக் கிடக்கும். அவற்றைத் தனிப்பகுதியாகத் திரட்டி, எச்சங்களின் ஆட்சி, வேற்றுமைப் பொருள், வாக்கிய இணைப்பு ஆகியவற்றை எடுத்துக்காட்டுகளுடன் முறைப்படுத்தியது, வேதவாக்கியங்களோடு பல்லாண்டு போராடிய மொழிபெயர்ப்பாளரின் பட்டறிவிலிருந்து வந்ததாகும். அயலார் தமிழ் கற்பதற்கென எழுதப்பட்ட நூலாயினும், தற்கால உரைநடைத் தமிழின் இலக்கண விளக்கமாக அதற்குத் தனி மதிப்பு உண்டு.

1832இல் வெளிவந்த பூமிசாஸ்திரம் இந்நெறியின் மற்றொரு பயன். பள்ளி மாணவருக்கென எழுதப்பட்ட அந்நூல், சமயம் சாராத அறிவுத்துறையைத் தமிழ் உரைநடையில் கையாண்ட முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. கதை, உரை, போதனை ஆகியவற்றுக்கே பெரும்பாலும் பழகியிருந்த உரைநடை, நாடுகளையும் அவற்றின் இயல்புகளையும் வரிசைப்படுத்தி விளக்கும் கருவியாக அங்கே பயிற்சி பெற்றது. இவற்றுடன் சமய விளக்க நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் பலவாக அவர் எழுதினார். இவற்றின் வாசகர் முதன்மையாக உபதேசியார்களும் அவர்தம் பள்ளிப் பிள்ளைகளுமே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

7. குருப்பட்ட வழக்கு

உபதேசியார்களின் எண்ணிக்கையும் பொறுப்பும் பெருகப் பெருக, அவர்களுள் தேர்ந்தவர்களுக்குக் குருப்பட்டம் அளிக்க வேண்டிய தேவை எழுந்தது. பட்டம் பெறாத உபதேசியார் ஞானஸ்நானமோ திருவிருந்தோ வழங்க இயலாது. ஐரோப்பியப் போதகர் ஊர்தோறும் செல்லும்வரை சபையார் காத்திருக்க வேண்டும். சபையை நடத்துபவர் ஒருவர், அதன் புனிதச் செயல்களை நிறைவேற்றுபவர் மற்றொருவர் என்ற நிலை நீடிக்கலாகாது என்று இரேனியுஸ் கருதினார். தமக்கு அளிக்கப்பட்ட லுத்தரன் முறைப்படியே, மூத்த போதகர்கள் கைவைத்து அவர்களுக்குப் பட்டம் அளிக்க விரும்பினார்.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1814இல் கல்கத்தாப் பேராயம் நிறுவப்பட்டது. பேராயர் ஹீபர் காலத்தில், முன்பு லுத்தரன் பட்டம் பெற்றிருந்த சி.எம்.எஸ். பணியாளர் சிலர் ஆங்கிலிக்கன் பட்டத்தையும் பெற்றனர். 1830இல் ஜான் தேவசகாயம் பேராயர் டர்னரிடம் உதவிக்குருப்பட்டம் பெற்றார். ஆங்கிலிக்கன் முறையில் தமிழருக்குப் பட்டம் அளிக்க வழி இருப்பதை இது காட்டிவிட்டது. இந்நிலையில், தன் பொருளால் நடைபெறும் சபைகளின் குருமார் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குக்குட்பட்டே பட்டம் பெற வேண்டும் என்று சி.எம்.எஸ். தெளிவாக அறிவித்தது.

சங்கத்தின் நிலைப்பாட்டைப் பிடிவாதம் என ஒதுக்க இயலாது. அது இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த அமைப்பு. இந்தியாவில் பேராயர் ஆட்சி உறுதிப்படும் நேரத்தில், தன் ஊழியரே வேறு முறைப்படி பட்டம் அளிப்பதை அனுமதித்தால், அதன் மேலுள்ள நம்பிக்கை தாய்நாட்டிலேயே குலையும். மறுபுறம், இரேனியுஸ் ஆங்கிலிக்கன் குருவாகப் பட்டம் பெற்றவர் அல்லர். அவ்வாறே அறிந்து அவரை ஏற்று அனுப்பியது அச்சங்கம்தான். தம் பட்டம் செல்லுமாயின், அம்முறைப்படி தாம் அளிக்கும் பட்டமும் செல்ல வேண்டும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. தேவையின் காரணமாகப் பல்லாண்டு பேசாமல் விடப்பட்ட ஒன்று, தேவை தீர்ந்தபின் வழக்காக எழுந்தது.

வழக்கை முறிவுக்குக் கொண்டுசென்றது ஒரு மதிப்புரை. ஆங்கிலக் குரு ஹார்ப்பர், திருச்சபையின் அமைப்பைப் போற்றி எழுதிய நூலை மதிப்பிட்ட இரேனியுஸ், இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் ஆட்சியையும் வழிபாட்டு முறைகளையும் வெளிப்படையாகக் குறைகூறினார். அச்சில் வந்த இக்கண்டனத்தைச் சங்கத்தார் பொறுக்கவில்லை. 1835இல் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டனர். அதே ஆண்டில் சென்னை தனிப் பேராயமாகி, டேனியல் கோரி அதன் முதற் பேராயரானார்.

8. பிரிவும் இறுதி ஆண்டுகளும்

1835 ஜூனில் இரேனியுஸ் பாளையங்கோட்டையை விட்டு ஆற்காட்டுக்குச் சென்று புதிய பணியைத் தொடங்கினார். உடன் பணியாற்றிய ஷாஃப்டர், மியூல்லர், லெக்லர் ஆகியோரும் அவர் பக்கமே நின்றனர். திருநெல்வேலிப் பணியைப் பொறுப்பேற்க ஜார்ஜ் பெட்டிட் அனுப்பப்பட்டார்.

ஆயினும் உபதேசியார் பலர் அவரைத் திரும்பி வருமாறு தொடர்ந்து வேண்டினர். அவ்வேண்டுகோளை ஏற்று, அவ்வாண்டின் இறுதி மாதங்களில் அவர் பாளையங்கோட்டைக்கு மீண்டார். பிளிமத் சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் முதலியோர் அவருக்கு ஆதரவு தேடித் தந்தனர். ஒரே ஊரில் சி.எம்.எஸ். சபையும் ஜெர்மானியர் சபையும் அருகருகே இயங்கலாயின. உபதேசியார்கள் இரு பக்கமும் பிரிந்தனர்; சிற்றூர்களும் பிரிந்தன. செபவீடு யாருக்குரியது, பள்ளிக்குச் சம்பளம் தருபவர் யார் என்ற பூசல்கள் எழுந்தன. இருபதாண்டுகூட நிறையாத சபைகளுக்கு இது கடுஞ்சோதனை.

அவர் திரும்பி வந்தது சரியா என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒத்த கருத்து இல்லை. சபையாரின் அழைப்பை மதித்தமைக்காக அவரைப் போற்றுவோரும், பிரிவினையை ஆழப்படுத்தியதற்காகக் குறைகூறுவோரும் உண்டு. ஒன்று மட்டும் உறுதியாகக் கூறலாம்: அவரை மீண்டும் அழைத்தவர் இலண்டனிலோ பெர்லினிலோ இருந்தவர் அல்லர். தம் போதகர் யார் என்பதில் தங்களுக்கும் ஒரு சொல் உண்டு என்று திருநெல்வேலி உபதேசியார்கள் முதன்முதலாகக் கூட்டாக உரைத்த நிகழ்வு அது.

1838 ஜூன் 5ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில், இரேனியுஸ் பாளையங்கோட்டையில் காலமானார். அங்குள்ள அடைக்கலபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைவுடன் பிரிவினையின் வேகம் தணிந்தது. மியூல்லரும் ஷாஃப்டரும் சி.எம்.எஸ். சங்கத்துடன் மீண்டும் இணைந்தனர். லெக்லர் இலண்டன் மிஷனரிச் சங்கத்தின் சார்பில் சேலம் சென்றார். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து அவர் மகன் அமைத்த வாழ்க்கை வரலாறு 1841இல் இலண்டனில் வெளிவந்தது.

9. முடிவுரை

இரேனியுஸின் மொழிபெயர்ப்பு, இலக்கணம், குடியிருப்பு, குருப்பட்ட வாதம் ஆகிய நான்கையும் ஒருசேர நோக்கும்போது, அவற்றின் பொது அடிப்படை புலனாகிறது. வெளியிலிருந்து வரும் எதுவும், அதை ஏற்போரின் சொந்த அமைப்பில் நிலைகொண்டால் மட்டுமே நிலைக்கும் என்று அவர் நம்பினார். தொடரமைப்பு தமிழுடையதாக இருக்க வேண்டும்; நிலம் குடியினருடையதாக இருக்க வேண்டும்; குருத்துவம் சபையை நடத்துவோருடையதாக இருக்க வேண்டும். முதல் இரண்டிலும் அவரை அனுப்பியவர்களின் அதிகாரத்துக்குக் குறைவு நேரவில்லை. ஆகவே ஆதரவு கிட்டியது. மூன்றாவது அதிகாரத்தையே தொட்டது. ஆகவே முறிவு நேர்ந்தது.

அக்கொள்கையைத் தமக்குத் தாமே அவர் முழுமையாகப் பொருத்திக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. உபதேசியார்களின் விருப்பத்தைச் சங்கத்தின் ஒழுங்குக்கு மேலாக வைத்தவர், தஞ்சாவூர்ச் சபையாரின் வேதப்பற்றைத் தம் இலக்கணத் தெளிவுக்குக் கீழாகவே வைத்தார். பிற்காலம் இருவரையும் ஓரளவு சமன்செய்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் தலைமையில் உருவாகி 1850இல் வந்த மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைபெறவில்லை. பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு, பப்ரிசியுஸின் வாசகத்தை அடியாகக் கொண்டு, இரேனியுஸின் தெளிவையும் உள்வாங்கியது. சாஸ்திரியார் காக்க முயன்ற ஒலியும், இரேனியுஸ் வேண்டிய தொடர்நேர்த்தியும் அதில் ஒருங்கே காணக்கிடக்கின்றன.

குருப்பட்ட வழக்கிலும் இத்தகைய முடிவே நேர்ந்தது. பின்வந்த தலைமுறையில் திருநெல்வேலித் தமிழர் பலர் பேராயர் கையால் பட்டம் பெற்றனர். முறை சங்கத்தினுடையது, தமிழ்ச் சபைக்குத் தமிழ்க் குருமார் என்ற நோக்கம் இரேனியுஸினுடையது. அவர் மாணவரான ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், எந்தச் சங்கத்தையும் சாராமல் கிறிஸ்தியான்பேட்டையில் சபை அமைத்து, 1860இன் சமய எழுச்சிக்கு வித்திட்டது அந்நோக்கத்தின் மற்றொரு தொடர்ச்சி. எனவே இரேனியுஸின் இலக்கணத்தை ஆராய்வோர் அவருடைய சபை வழக்கையும், சபை வழக்கை ஆராய்வோர் இலக்கணத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். ஒன்றில் விடப்பட்ட விளக்கம் மற்றொன்றில் கிடைக்கிறது.